வெள்ளைக்கு ஒரு சிட்டிகை நீலம்

மஞ்சள்தான். இந்தப் பக்கம் திருப்பினாலும் மஞ்சள், ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பிடித்தாலும் மஞ்சள். பளீரென்று இருந்தால்கூடப் பரவாயில்லை, சாயம் போட்ட திரி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இது நாள்பட்ட வெண்ணெய் நிறம், வெள்ளை என்று சாதிக்கவும் முடியாது, மஞ்சள் என்று ஒப்புக்கொள்ளவும் மனசு வராது. இதோடு மூன்று முறை ஊற்றியாயிற்று. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு திரி ஊற்றிப் பார்ப்பது, நன்றாக வந்தால் மீதி ஐந்தையும் ஊற்றுவது என்று வைத்திருந்தேன், நல்லவேளை, இல்லாவிட்டால் பதினெட்டு மஞ்சள் திரிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நாளைக்கு மெழுகுதிரித் திருநாள். எங்கள் பங்குக் கோயிலில் அன்றைக்குச் சாமியார் மந்திரிக்கிற பீடத்துத் திரி ஆறும் ஏதாவது ஓர் அன்பியத்து வீட்டில், அதாவது தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கிற குழுவில் ஒருவர் வீட்டில், ஊற்றியதாக இருக்க வேண்டும், முறை வைத்து வரும், இந்த வருஷம் எங்கள் தெருவுக்கு வந்தது. அன்பியத்துத் தலைவி செலஸ்தீன்தான் கூட்டத்தில் சொன்னாள், யாருக்கும் ஊற்றத் தெரியாது, பேசாமல் கடையில் வாங்கி வீட்டில் செய்தோம் என்று சொல்லிவிடலாம் என்று. சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா. "பொய் சொல்லி மந்திரிக்க வேணாம், நான் ஊத்தித் தர்றேன், பால் மாதிரி இருக்கும்" என்று எழுந்து நின்று சொன்னேன். பால் மாதிரி. காலையில் பாலையும் பார்த்தேன், அதுவும் எனக்கு அவ்வளவு வெள்ளையாகத் தெரியவில்லை, பால்காரன் மேல் பழியைப் போட்டுவிட்டு அடுப்பில் வைத்தேன். அங்கேதான் அந்தக் கேள்வி முதலில் எட்டிப்பார்த்தது. மெழுகு மஞ்சளா, என் கண் மஞ்சளா? உடனே அதை விரட்டிவிட்டேன். மெழுகுதான். மெழுகு மஞ்சளாக ஆயிரம் காரணம் இருக்கிறது.

காரணங்களை நான் வரிசையாகச் சொல்லுவேன், முப்பத்தொரு வருஷம் பெண்கள் பள்ளியில் கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டென்டாக இருந்தவள், எனக்கா தெரியாது. மெழுகைச் சூடு கூட விட்டால் பழுப்பு தட்டும், அதனால் அடுப்பில் நேராக வைக்காமல் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதற்குள் சின்ன டப்பாவை இறக்கி உருக்குகிறேன். இரும்புச் சட்டியில் உருக்கினால் நிறம் மாறும், அதனால் எவர்சில்வர். நூறு கிராம் மெழுகுக்குப் பத்து கிராம் ஸ்டியரிக் ஆசிட் போட்டால் கண்ணாடி மாதிரி தெரிவது போய் வெள்ளையாக இறுகும், போட்டாயிற்று. மெழுகே மட்டமாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் கட்டியைப் பார்த்து வாங்கினேன், கடைக்காரர் முகவரி எழுதிய வெள்ளைத்தாள் மேல் வைத்துக் காட்டினார், தாளும் கட்டியும் ஒரே நிறம். தாளும் மஞ்சளாக இருந்ததோ என்னமோ. அச்சு என்று ஒன்றும் விசேஷமாக இல்லை, பிளம்பிங் பைப். இன்னாசிதான் அறுத்து, நெடுக ஒரு கோடு கீறி, ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கி, அடியில் களிமண் வைத்து அடைத்துத் தந்தார். என் வீட்டுக்காரர். பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆறு பைப்பும் ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இல்லாமல் இருக்கும். முதல் திரியை அவரிடம் காட்டி, "பாருங்க, மஞ்சளா வந்துருச்சு" என்றேன். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆமா மார்சி, மஞ்சளாத்தான் தெரியுது" என்றார். இரண்டாவதை இன்னும் சூடு குறைத்து ஊற்றினேன், "இதுவும் மஞ்சள்தானே" என்றேன், "ஆமா" என்றார். அவர் அப்படித்தான். கல்யாணம் ஆகி முப்பத்து நாலு வருஷத்தில் நான் சொன்னதற்கு இல்லை என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அன்பியத்துப் பெண்கள் எல்லாருக்கும் பொறாமை, உனக்கு வாய்த்த மாதிரி யாருக்கு வாய்க்கும் என்பார்கள், நானும் கொஞ்சம் தலையை நிமிர்த்திக்கொள்வேன். மூன்றாவது திரியில்தான் கோட்டை விட்டேன், சொன்னால் வெட்கக்கேடு. வேட்டி மஞ்சளானால் என்ன செய்வோம், சொட்டு நீலம் போடுவோம். மெழுகுக்கும் போட்டால் என்ன என்று தோன்றியது, போட்டுவிட்டேன். லேப் அசிஸ்டென்ட்! நீலம் தண்ணீரில் கரைந்தது, மெழுகில் கலக்குமா, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். சடசடவென்று பொரிந்து, குட்டிக் குட்டி நீல முத்தாகி அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. இறுகின திரி அடியில் புள்ளி புள்ளியாக நீலம், மேலே அதே மஞ்சள்.

நாலாவது முறை இது. டப்பாவில் மெழுகு ஓரம் உருகி நடுவில் ஒரு தீவு மாதிரி நிற்கிறது. தெர்மாமீட்டரை இறக்கினேன், ஓய்வு பெற்ற அன்றைக்குப் பிள்ளைகள் ஞாபகார்த்தமாகத் தந்தது. எழுபத்தைந்தைத் தாண்டக் கூடாது. இப்போது எத்தனை, அறுபதா எழுபதா, வெளிச்சத்தின் பக்கம் சாய்த்துப் பார்த்தேன், கோடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன, பாதரசம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. ஆவி படிந்திருக்கிறது என்று முந்தானையால் துடைத்தேன். துடைத்தும் தெரியவில்லை. கோடு தெரியவில்லை என்றால் உடனே அந்த நினைப்புதான் வருகிறது, எவ்வளவு தள்ளினாலும் வருகிறது. இன்சுலின் ஊசியிலும் இதே மாதிரி கோடுதான், இதைவிடச் சின்னது. இன்னாசிக்குக் காலையும் சாயங்காலமும் பதினாறு யூனிட். தானே குத்திக்கொள்ள அவருக்குக் கை வராது, இரும்பை அறுத்த கை, தோலைக் கண்டால் நடுங்கும், அதனால் ஏழு வருஷமாக நான்தான். இருபது என்று போட்டிருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து நாலு கோடு கீழே வந்தால் பதினாறு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். போன செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று பேப்பரை நழுவவிட்டார். போய்ப் பார்த்தால் சட்டை முழுக்க நனைந்திருக்கிறது, கை உதறுகிறது, என்னைப் பார்த்து, "ஷிஃப்ட் மணி அடிச்சாச்சா" என்கிறார். சர்க்கரையைக் கரைத்து வாயில் ஊற்றினேன், பாதி கழுத்தில் வழிந்தது, பத்து நிமிஷம் கழித்துத்தான் என் பெயரைச் சொன்னார். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். எத்தனை யூனிட் போட்டீர்கள் என்றுதான் அவர் முதலில் கேட்டார். பதினாறு என்றேன், யோசிக்கக்கூட இல்லை. சரியாகச் சாப்பிட்டாரா என்று கேட்டார். ரெண்டே இட்லி, அதான் டாக்டர், ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்றேன். போனை வைத்துவிட்டு அவரைத் திட்டினேன், ரெண்டு இட்லியோடு எழுந்தால் இப்படித்தான் ஆகும் என்று. "ஆமா மார்சி, ரெண்டுதான் சாப்ட்டேன்" என்றார். ஆனால் நான் நாலு வைத்தேன். நாலு வைத்தேனா? மூடி போட்ட தட்டில் எட்டு இட்லி, எனக்கு மூன்று, மத்தியானம் குழம்புக்குத் தொட்டுக்கொள்ள ஒன்று மிச்சம் இருந்தது, அப்படியானால் அவருக்கு நாலு. தட்டு காலியாகத்தான் வந்தது, கழுவப் போட்டது நான்தானே. நாய்க்குப் போட்டிருப்பார். எங்கள் தெருவில் நாய் எது, போன மாசமே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

தீவு கரைந்துவிட்டது. அடுப்பைச் சிறியதாக்கினேன். இந்த இட்லிக் கணக்கை ஐந்து நாளாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் நாய் வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது, அதற்கு மேல் போக எனக்குத் துணிவில்லை. அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று தெரியும். நாலு இட்லி சாப்பிட்டவருக்குச் சர்க்கரை அவ்வளவு இறங்கியது என்றால் மருந்து கூடப் போயிருக்கிறது. மருந்தை இழுத்தது என் கை, அளவைப் பார்த்தது என் கண். ஆகவே மெழுகு மஞ்சளாக இருக்க வேண்டும். மெழுகு மஞ்சளாக இருந்தால் என் கண் சரி, கண் சரியென்றால் பதினாறு பதினாறுதான், நான் ஒன்றும் செய்யவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, கோயிலுக்குத் திரி ஊற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு நான் எனக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தேன். உப்பு வெள்ளையா? கல்லுப்பு எப்போதும் கொஞ்சம் அழுக்குதான். முட்டை? நாட்டு முட்டை, அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கொடியில் அவருடைய பனியன், துவைக்கிற பெண் ஒழுங்காக அலசுவதில்லை. இப்படியே வீட்டில் உள்ள வெள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு குற்றம் கண்டுபிடித்தேன். லேபில் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் பார்க்கிற டைட்ரேஷன் செய்யும்போது பிள்ளைகள் என்னைத்தான் கூப்பிடுவார்கள், மிஸ், பிங்க் வந்துருச்சா பாருங்க என்று. தூரத்தில் இருந்தே சொல்லுவேன், இன்னும் ஒரு சொட்டு, ம், போதும். டீச்சருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். அந்தக் கண் இது. அறுபத்திரண்டு வயசில் கொஞ்சம் மங்கும், கண்ணாடி மாற்றினால் போச்சு, மாற்ற வேண்டியதுதான், திருநாள் முடியட்டும். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். கையைத் தூக்கினேன். தூக்கின கையால் மயிரை ஒதுக்கிவிட்டுக்கொண்டு கீழே போட்டேன். புரை என்றால் டாக்டரிடம் போகலாம், அறுத்து எடுத்தால் சரியாகிவிடும், எத்தனையோ பேர் செய்துகொள்கிறார்கள், அதற்கெல்லாம் நான் பயப்படவில்லை. நான் பயப்படுவது செவ்வாய்க்கிழமைக்கு. கண்ணை அறுத்துச் சரிசெய்யலாம், செவ்வாய்க்கிழமையை என்ன செய்வது. நாளைக்கு மந்திரித்த திரியில் ஒன்றை எல்லா வீட்டிலும் பெட்டியில் வைத்திருப்பார்கள், புயல் அடித்தால் ஏற்றி வைக்க, அப்புறம் சாகக் கிடக்கிறவர்கள் கையில் பிடித்துக்கொடுக்க. அன்றைக்குப் பதினோரு மணிக்கு நான் மீன் வாங்கப் போயிருந்தால் அவர் கையில் கொடுக்கப் பழைய திரி ஒன்றைத் தேட வேண்டி இருந்திருக்கும்.

நீலம் போட்டது தப்பில்லை, தண்ணீர் நீலம் போட்டதுதான் தப்பு. மெழுகில் கரைகிற நீலம் வேண்டும். எழுந்து அலமாரியைத் துழாவினேன், பேத்தி விட்டுவிட்டுப் போன கிரேயான் டப்பா இருந்தது. கிரேயானே மெழுகுதானே. உறையில் எழுதியிருப்பது படிக்க முடியாத அளவு பொடி எழுத்து, ஆனால் நீலம் நீலம்தான், அதில் சந்தேகம் இல்லை. பிளேடால் சுரண்டி ஒரு சிட்டிகை போட்டேன், கரண்டிக் காம்பால் கலக்கினேன், எவர்சில்வர் தட்டில் ஒரு சொட்டு விட்டேன். சொட்டு இறுகியது. மஞ்சள், ஆனால் கொஞ்சம் தணிந்த மஞ்சள். ஆகா என்று இருந்தது. இன்னொரு சிட்டிகை, இன்னொரு சொட்டு. இப்படி ஒவ்வொரு சொட்டாகத் தட்டில் வரிசையாக விட்டுக்கொண்டே போனேன், டைட்ரேஷன் மாதிரியே, மனசு பழைய மாதிரி நிதானமாகிவிட்டது. ஏழாவது சொட்டில் சாயல் மட்டும்தான் பாக்கி. எட்டாவது சொட்டு வெள்ளை. சந்தேகமே இல்லாத, கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட பீடத்துணி வெள்ளை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என் கண்ணுக்கு வெள்ளை தெரிகிறது. தெரிகிறது என்றால் கண் சரி. இவ்வளவு நாள் மெழுகுதான் கோளாறு, மட்டமான கட்டியைத் தலையில் கட்டிவிட்டிருக்கிறான் அந்தக் கடைக்காரன். செவ்வாய்க்கிழமை இவர் ரெண்டு இட்லிதான் சாப்பிட்டார், மூன்றாவதையும் நாலாவதையும் காக்காய்க்குப் போட்டிருப்பார். காக்காயை எப்படி மறந்தேன்! ஒற்றைத் திரி ஊற்றிப் பார்க்கவெல்லாம் இல்லை, மிச்சக் கட்டியையும் போட்டு உருக்கி, கணக்குப்படி கிரேயானைச் சுரண்டி, பைப்புக்குள் தேங்காய் எண்ணெய் தடவி, திரிநூலைக் குச்சியில் கட்டித் தொங்கவிட்டு, ஆறையும் ஒரே மூச்சில் ஊற்றினேன். நடுவில் குழி விழும், கொஞ்சம் பொறுத்து மறுபடி ஊற்றி நிரப்ப வேண்டும், நிரப்பினேன். வாளித் தண்ணீரில் கழுத்தளவு நிறுத்தினேன். காபி போட்டு அவருக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன். "என்ன, சந்தோஷமா இருக்க?" என்றார். "ஆமா" என்றேன். அந்த மூன்று மணி நேரம் நான் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தேன், பாத்திரம் விளக்கும்போது ஞானப்பாட்டு ஒன்று தானாக வாயில் வந்தது.

ஆறரை மணிக்கு ரப்பர் பேண்டைக் கழற்றி அச்சைப் பிரித்தேன். ஆறும் பழுதில்லாமல் வந்திருந்தன. கீறின இடத்தில் இருந்த கோட்டைக் கத்தியால் வழித்து, துணியால் துடைத்து, சாப்பாட்டு மேஜையில் டியூப் லைட்டுக்குக் கீழே நிறுத்தினேன். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. செலஸ்தீன் முகம் போகிற போக்கை நாளைக்குப் பார்க்க வேண்டும். "என்னங்க, இங்க வாங்க" என்றேன். வேண்டுமென்றே நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவர் வாயாலே வரட்டும் என்று. இன்னாசி வந்து மேஜை மேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து பார்த்தார்.

"அட, நீலத்துல ஊத்திட்டியா? ரொம்ப நல்லாருக்கு மார்சி. மாதா முக்காடு கலரு."

விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன், அவருக்கு விளையாட வராது.

"நீலமாவா இருக்கு?"

"நல்லாத் தெரியுதே. ஏன், நீலம்னு தானே ஊத்துன?"

முதல் திரியையும் இரண்டாவதையும் எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். "இது?"

"இது வெள்ளை." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார், "மஞ்சள்" என்று திருத்திக்கொண்டார்.

"உங்களுக்கு என்ன தெரியுதோ அதச் சொல்லுங்க. என் மூஞ்சியப் பாக்காதீங்க."

"எனக்கு அன்னைக்கே வெள்ளையாத்தான் தெரிஞ்சுது. நீ மஞ்சள்னு சொன்ன. லேபுல இருந்தவ சொல்றா, நமக்குத்தான் கண்ணு போச்சு போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

கேட்காமல் விட்டிருக்கலாம். திரியை மூடி வைத்துவிட்டுச் சமையலைப் பார்க்கப் போயிருக்கலாம். வாய் தானாகக் கேட்டது. "செவ்வாக்கெழமை எத்தன இட்லி சாப்ட்டீங்க?"

"நாலு."

"ஊசியப் பாத்தீங்களா அன்னைக்கு?"

அவர் மேஜையிலிருந்து கையை எடுத்தார். "இருபதத் தாண்டி நாலு கோடு இருந்துச்சு."

இருபத்து நாலு. கோட்டை இந்தப் பக்கம் எண்ணுவதற்குப் பதில் அந்தப் பக்கம் எண்ணியிருக்கிறேன்.

"பாத்துக்கிட்டேவா குத்தச் சொன்னீங்க? வாய் எதுக்கு இருக்கு உங்களுக்கு?"

"நீ பதினாறுன்னு சொன்னியே மார்சி."

அழுகை வந்தது, அழுதேன். நின்றபடியே, மேஜையைப் பிடித்துக்கொண்டு, சத்தமாக. நாற்பது வருஷம் வெர்னியர் அளவுகோலில் மயிரிழையை அளந்த மனுஷன், தன் உடம்பில் ஏறப்போகிற மருந்தைக் கண்ணால் பார்த்துவிட்டு, என் பேச்சை நம்பி, தன் கண்ணை நம்பாமல், சட்டையைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். அவரை அப்படி ஆக்கியது யார்? அதில் பெருமைப்பட்டுக்கொண்டு திரிந்தது யார்? அவர் என் தோளைத் தட்டிக்கொண்டே, ஒன்றும் ஆகவில்லையே, ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்லிக்கொண்டிருந்தார். செலஸ்தீனுக்குப் போன் போட்டு ஆறு திரி கடையில் வாங்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். எனக்கு நிறம் தெரியவில்லை என்றேன். சொல்லி முடித்ததும் நெஞ்சு கொஞ்சம் லேசானது.

ஏழு மணிக்கு ஃப்ரிட்ஜிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்து ஊசியோடு அவர் கையில் வைத்தேன். குத்துவது நான், அளப்பது நீங்கள் என்றேன். அவர் குப்பியைக் கவிழ்த்து, இழுத்து, விரலால் சுண்டிக் காற்றை வெளியேற்றி, லைட்டில் தூக்கிப் பிடித்தார். வாங்கிப் பார்த்தேன். எனக்கு அங்கே கோடே இல்லை, ஒரு புகை மட்டும்தான்.

"எவ்வளவு இருக்கு?"

"பதினாறு."

"எனக்கென்னமோ இருபதுக்கு மேல போன மாதிரி தெரியுது" என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். ஆமா என்று ஒரு வார்த்தை சொன்னால் ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்துத் தெரு நர்ஸைக் கூப்பிடப் போவதாக இருந்தேன்.

அவர் ஊசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி ஊசியை வாங்கி ஒவ்வொரு கோடாக நகத்தால் தொட்டு எண்ணினார். தொண்டையைச் செருமினார்.

"இல்ல" என்றார். "பதினாறு."

குத்தினேன்.